வீட்டுக்கு ஒரு கலியாண லைசென்ஸ்

2005-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ந் தேதியன்று, அப்போது இங்கிலாந்தின் பட்டத்து இளவரசராயிருந்த சார்லஸ், கமில்லா சீமாட்டியை விவாகம் செய்து கொள்ளப் போவதாக ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. கலியாணம் வின்ட்ஸர் கோட்டையில் நடக்கும் என்று அந்த அறிவிப்பிலேயே கண்டிருந்தது. கோட்டையோ தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. மாப்பிள்ளையின் தாயார் குடியிருந்த இடம் அது. பாட்டனார், முப்பாட்டனார் எல்லோரும் புழங்கிய வீடு. சட்ட நுணுக்கம் பேசுகிறவர்கள் அதை ராஜ்யத்தின் சொத்து என்பார்கள். நாம் குடும்பத்து வீடு என்றே வைத்துக் கொள்வோம். பிள்ளை வீட்டாரின் சொந்த வீட்டில் கலியாணம் என்றால் யாருக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

ஒரு வாரம் கழிந்தது. 17-ந் தேதி இன்னோர் அறிவிப்பு வந்தது. கலியாணம் கோட்டையில் இல்லை; அதே ஊர்த் தெருவில் உள்ள நகர மண்டபத்தில் என்று.

நேயர்கள், மாமியார் மருமகள் சச்சரவு ஏதோ என்று சந்தேகிக்க வேண்டாம். சங்கடத்தை உண்டாக்கியது இங்கிலாந்தின் விவாகச் சட்டந்தான். இளவரசரும் சீமாட்டியும் முன்னமே மணம் செய்து விவாகரத்துப் பெற்றவர்கள். சீமாட்டியின் முதற் கணவர் உயிரோடிருந்தார். ஆகையால் மாதா கோயிலில் பாதிரியார் முன்னிலையில் மணம் செய்து கொள்வதை விட்டு, ஸர்க்கார் பதிவாளர் முன்னிலையில் செய்து கொள்வதென்று தீர்மானித்தார்கள். அப்படிச் செய்வதானால், ஒன்று பதிவாளர் காரியாலயத்திற்குப் போக வேண்டும். அல்லது விவாகம் நடத்துவதற்கென்று உள்ளூர்க் கவுன்ஸில் அங்கீகரித்திருக்கும் கட்டிடத்திற்குப் போக வேண்டும். வின்ட்ஸர் கோட்டை எத்தனையோ முற்றுகைகளைப் பார்த்திருக்கிறது. ஆனால் கவுன்ஸிலின் அங்கீகாரம் மட்டும் அதற்கு இருக்கவில்லை.

விண்ணப்பம் போட்டு அங்கீகாரம் வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கண்ணி இருந்தது. ஒரு கட்டிடத்தை அங்கீகரித்தால், அது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சௌகரியத்திற்காக அல்ல. குறைந்தது மூன்று வருஷ காலம் அது பொதுஜனங்களின் விவாகங்களுக்கும் கிடைக்க வேண்டும். அதாவது, வின்ட்ஸரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவரின் மகள், “அடுத்த மாதம் எனக்குக் கலியாணம், கோட்டையில் கூடத்தை ஒழித்துக் கொடுங்கள்” என்று கேட்டால், அரண்மனைக் காரியஸ்தர்கள் வாடகை என்னவென்று சொல்லலாமே தவிர, இது ராணி வாழும் வீடு என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. ஒரு பிள்ளைக்குக் கலியாணம் செய்யப் போய், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கலியாண மண்டபம் நடத்த வேண்டி வந்துவிடும்!

ஆகவே நகர மண்டபம். ஏப்ரல் 8-ந் தேதி வைத்திருந்த முகூர்த்தம், போப் இரண்டாம் ஜான் பாலின் சவ அடக்கம் அன்றைக்கு நேர்ந்ததால் 9-ந் தேதிக்கு மாறிற்று. மாப்பிள்ளையின் தாயாரான ராணி அந்த மண்டபத்துக்கு வரவில்லை. பிறகு கோட்டைக்குள் தேவாலயத்தில் நடந்த ஆசீர்வாதப் பிரார்த்தனைக்குத்தான் வந்தார். அந்த நகர மண்டபத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. மண்டபத்தைக் கட்டி முடித்த பிரபல சிற்பி கிறிஸ்டோபர் ரென், மேல் தளம் தூண் இல்லாமலே நிற்கும் என்றாராம். நகரசபையார் நம்பவில்லையாம். அவர்களுடைய மனச் சமாதானத்துக்காகச் சில தூண்களை நிறுத்தி, அவற்றின் தலை மேல்தளத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டாராம். கதை எப்படியானாலும், தளத்தைத் தொடாத தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. பட்டத்து இளவரசர் அந்த மண்டபத்தில்தான் கலியாணம் செய்து கொண்டார்.

* * *

நம்முடைய தேசத்தில் இந்த விபரீதம் ஏன் இல்லை என்று கேட்கலாம். நம் சட்டம் இடத்தைக் கேட்பதில்லை, சடங்கைக் கேட்கிறது. 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம், இரு தரப்பில் ஒரு தரப்பாரின் வழக்கப்படி சடங்கு நடந்ததா, ஸப்தபதி உள்ள வழக்கமானால் ஏழாவது அடி வைத்தாயிற்றா என்று பார்க்கிறது. சென்னை ராஜ்யத்தில் 1967-ல் செய்த திருத்தம், புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக் கொண்டாலும் மோதிரம் மாற்றிக் கொண்டாலும் தாலி கட்டினாலும் செல்லும் என்றது. எந்தக் கூரையின் கீழ் என்ற கேள்வி இவற்றில் எழவேயில்லை. வீட்டு வாசலில் பந்தல் போட்டாலும் சரி, கோயில் பிராகாரமானாலும் சரி. பதிவுக் கலியாணத்திற்கான 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டங்கூட, அதிகாரியின் காரியாலயத்திலோ, அதிலிருந்து நியாயமான தூரத்துக்குள் மணமக்கள் விரும்பும் வேறிடத்திலோ நடத்தலாம் என்றுதான் சொல்கிறது.

இங்கிலீஷ்காரர்களோ விவாகத்தைக் கட்டிடத்தோடு கட்டிப் போட்டு விட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மாநகரில் ஃப்ளீட் என்ற கடன்காரர் சிறை ஒன்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த சாராயக் கடைகளில், கடனில் மூழ்கிய பாதிரிமார்கள் சிலர் காசு வாங்கிக் கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் கலியாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளைக்குப் போதை தெளிந்திருக்கிறதா என்று கூடப் பார்ப்பதில்லை. சொத்துள்ள சிறுபெண்களை ஏமாற்றிக் கொண்டு வந்து மணம் முடித்து விடுவார்கள். பொழுது விடிந்தால் பெண்ணும் சொத்தும் இன்னொருவனுடையது. பிரபுக்கள் குலை நடுங்கினார்கள். 1753-ல் ஹார்ட்விக் பிரபு கொண்டு வந்த சட்டம் நிறைவேறி மறு வருஷம் அமுலுக்கு வந்தது. அன்றிலிருந்து மாதா கோயிலில், முன்னறிவிப்போ லைசென்ஸோ பெற்று, சாட்சிகள் முன்னிலையில் நடந்தால்தான் கலியாணம். யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் மட்டும் விலக்கு அளித்தார்கள். ரோமன் கத்தோலிக்கர் கூடத் தங்களுக்குச் சம்மதமில்லாத கோயிலில் போய்த்தான் நிற்க வேண்டியிருந்தது.

சட்டம் ஸ்காட்லாந்துக்குச் செல்லாது. ஆகவே எல்லையைத் தாண்டியவுடன் இருக்கும் கிரெட்னா கிரீன் என்ற கிராமத்திற்குக் காதலர்கள் வண்டி கட்டிக் கொண்டு ஓடினார்கள். கொல்லன் பட்டறையில் பட்டடைக் கல்லுக்கு முன் நின்று சம்மதம் சொன்னால் போதும். 1856-ல் பார்லிமெண்டு விழித்துக் கொண்டு, மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டுமென்று விதித்தது.

இதற்கிடையில் 1836-ம் வருஷத்துச் சட்டத்தினால் பதிவாளர் காரியாலயங்கள் ஏற்பட்டன. மற்ற மதத்தாரின் பிரார்த்தனைக் கட்டிடங்களையும் விவாகத்திற்கென்று பதிவு செய்து கொள்ளலாம் என்றாயிற்று. கதவு தாழிடாமல் நடத்த வேண்டும் என்ற விதியும் இருந்தது. பொழுதைப் பற்றிய விதியோ அதை விட வேடிக்கை. பகல் பன்னிரண்டு மணிக்குள் முடிய வேண்டும் என்றிருந்ததை 1886-ல் மூன்று மணி வரையிலும், 1934-ல் ஆறு மணி வரையிலும் நீட்டினார்கள். கடிகாரத்தை அடியோடு விட்டது 2012-ல்தான். நம் நாட்டில் ராகுகாலம் பார்ப்பதைக் கேலி செய்த துரைமார்கள் எத்தனை பேர் இந்த விதிக்குக் கட்டுப்பட்டுக் கலியாணம் செய்து கொண்டார்களோ!

ஆக, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இங்கிலீஷ்காரருக்கு இருந்த வழிகள் இரண்டே. கோயில் அல்லது காரியாலயம். கடவுளிடம் அவ்வளவு ஈடுபாடில்லாதவர்கள், பிறப்பு இறப்பு பதிகிற அலுவலகத்தில், முன் ஜோடி வெளியே வரப் பின் ஜோடி உள்ளே போக, கால் மணி நேரத்தில் தம்பதிகளாகித் திரும்பினார்கள். இந்தக் கால் மணிக் கலியாணத்தின் வறட்சியைப் போக்கக் கைல்ஸ் பிராண்ட்ரெத் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் தனி மசோதா ஒன்று கொண்டு வந்தார். அது 1994-ல் சட்டமாயிற்று. 1995 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மற்றக் கட்டிடங்களையும் கவுன்ஸில் அங்கீகரிக்கலாயிற்று. முட்டாள்கள் தினத்தில் ஆரம்பித்தாலும் காரியம் பலித்து விட்டது. இன்று அந்நாட்டில் நடக்கும் பதிவு விவாகங்களில் மிகப் பெரும்பாலானவை ஹோட்டல், கோட்டை, பழைய மாளிகை, வைக்கோல் களஞ்சியம் ஆகியவற்றில்தான் நடக்கின்றன.

* * *

இந்தச் சட்டம் பார்த்துக் குதூகலித்தவர்களில் மணமக்கள் பாதி. இன்னொரு பாதி பழைய வீட்டுச் சொந்தக்காரர்கள்.

சீமையில் கிராமந்தோறும் பிரபுக்களின் பெரிய வீடுகள் உண்டு. அவற்றில் சில எந்த ஊர்ப் பணத்தால் எழும்பின என்பதை நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. கம்பெனியார் நம் தேசத்தில் இருந்த காலத்தை நேயர்கள் அறிவார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்த வீடுகளுக்குக் கெட்ட காலம் பிறந்தது. எஜமானர் இறந்தால் எஸ்டேட்டின் மீது மரண வரி. 1949-ல் மிகப் பெரிய எஸ்டேட்டுகளுக்கு அது நூற்றுக்கு 80 வரையில் போயிற்று. தகப்பனார் ஒரு யுத்தத்திலும் பிள்ளை அடுத்த யுத்தத்திலும் இறந்த குடும்பங்கள் இரண்டு தடவை வரி கட்டின. வேலைக்காரர்களோ கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்துக் கல்லும் மரமுமாய் விற்றார்கள். 1974-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில், அப்படி அழிந்த வீடுகளின் படங்களை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். சிலர் யுக்தி செய்தார்கள். பாத் பிரபு தம் லாங்லீட் மாளிகையை 1949-ல் கட்டணம் வைத்துப் பொதுஜனங்களுக்குத் திறந்து விட்டார். சக பிரபுக்கள் முகம் சுளித்தாலும் பிறகு பலரும் அந்த வழியைத்தான் பிடித்தார்கள். இப்போதும் மூன்றேகால் லக்ஷம் பவுனுக்கு மேற்பட்ட சொத்தின் மீது வாரிசு வரி நூற்றுக்கு 40. விலக்குகள் உண்டு, ஆனால் கூரை ஒழுகினால் வரி விலக்கு வந்து ஓடு மாற்றப் போவதில்லை.

இப்படிப்பட்ட ஒரு கனவானை நாம் மனத்தில் கற்பித்துக் கொள்வோம். ஐந்து தலைமுறை வீடு, நாற்பது அறை, அதில் முப்பது அறையில் தூசி. குமாரத்தி ஒரு நாள், “அப்பா, பெரிய கூடத்தைக் கலியாணத்துக்கு விடலாமே” என்கிறாள். கூடத்தைப் பெருக்கிப் பூச்சாடி வைத்தால் ஆயிற்று என்று கனவான் நினைக்கிறார். பாவம்!

முதலில், வசிக்கும் வீட்டைத் தொழிலுக்கு உபயோகிப்பதற்குக் கட்டிடத் திட்ட அதிகாரிகளின் அநுமதி வேண்டும். வருஷத்தில் 28 நாள் வரையில் வெறும் நிலத்தைத் தற்காலிகமாக வேறு காரியத்துக்கு உபயோகிக்க அநுமதி வேண்டாம் என்று ஒரு சலுகை இருக்கிறது; கொட்டகை போடுகிறவர்கள் இதைத்தான் நம்புவார்கள். ஆனால் வீட்டைச் சார்ந்த தோட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கனவானுடைய புல்வெளி வீட்டை ஒட்டியது. ஆகவே விண்ணப்பம். விண்ணப்பம் என்றால் அண்டை வீட்டார் ஆட்சேபணை. குறுகிய கிராமப் பாதையில் சனிக்கிழமைதோறும் எண்பது மோட்டார் வந்தால் எங்கள் கறவை மாடுகள் என்ன ஆவது என்று ஒருவர். நடு நிசியில் மத்தளம் கொட்டினால் எப்படித் தூங்குவது என்று இன்னொருவர். ஆட்சேபிப்பவர்கள் பொல்லாதவர்களும் அல்லர். நம் ஊர்களில் கலியாண மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர்களைக் கேட்டால் அவர்கள் கட்சியின் நியாயம் தெரியும்.

அடுத்தது, வீட்டின் பழமை. சரித்திரப் பெருமையுள்ள கட்டிடங்களை அந்நாட்டு ஸர்க்கார் ஒரு ஜாபிதாவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் சேர்ந்த வீட்டின் அந்தஸ்தைப் பாதிக்கும்படி அநுமதியின்றி ஒரு கதவைப் பெயர்த்தாலும் குற்றம். தீ விபத்துக்குப் பயந்து புதிதாக ஒரு வெளி வாசல் வைக்க வேண்டுமென்று ஓர் அதிகாரி சொல்வார். முந்நூறு வருஷத்துச் சுவரை உடைக்கக் கூடாதென்று இன்னோர் அதிகாரி சொல்வார். இருவரையும் ஒரே நாளில் வரவழைத்து ஒரே கூடத்தில் நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். இதற்கிடையில் பரணில் வௌவால் இருந்தால் தனிக் கதை. வௌவாலும் அது தங்கும் இடமும் அங்கே சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றவை. வௌவால் ஊரில் இல்லாத மாதத்திற் கூட அதன் வாசஸ்தலத்தைக் கலைப்பது குற்றம். ஐந்து தலைமுறைக் கனவானுக்கு இல்லாத உரிமை ஐந்து விரற்கடை வௌவாலுக்கு இருக்கிறது.

பிறகு மதுபானம். நமக்கு அது வேண்டாத விஷயமாயினும் சீமையில் அது இல்லாத விருந்து விருந்தல்ல. 2003-ம் வருஷத்துச் சட்டப்படி, மது விற்பதற்கும் சங்கீதத்துக்கும் இரவு பதினோரு மணிக்கு மேல் சுடச்சுட உணவு விற்பதற்கும் சேர்த்து ஒரு லைசென்ஸ். வெளிர் நீலக் காகிதத்தில் அறிவிப்பு அச்சிட்டு வீட்டு வாசலில் 28 நாள் ஒட்டி வைக்க வேண்டும். கிராமத்தார் வழியில் நின்று வாசித்து விட்டுத் தலையை ஆட்டிக் கொண்டு போவார்கள்.

இவ்வளவும் ஆன பின்தான் விவாக அங்கீகாரம். கூடத்தின் வரைபடத்துடன் கவுன்ஸிலுக்கு மனுச் செய்து, திருப்பித் தராத கட்டணத்தையும் கட்டினால், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். ஊராருக்கு அறிவித்து, ஆட்சேபணை சொல்ல 21 நாள் கெடு கொடுப்பார்கள். தீயணைப்பு இலாகாவையும் கலந்து கொள்வார்கள். எத்தனை பேர் கூடலாம் என்பதற்கு ஒரு கணக்கு விழும். இடம் ‘தகுதியும் கண்ணியமும் உடையதாக’ இருக்க வேண்டுமென்பது முதல் விதி. எது கண்ணியம் என்பதை அதிகாரியின் கண்தான் தீர்மானிக்கும். இரண்டாவது விதி நாம் முன் சொன்னது. பொதுஜனங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும். ஆகவே வெறும் குடியிருப்பு வீட்டுக்கு அநேகமாய் அங்கீகாரம் கிடைப்பதில்லை. தன் பெண்ணுக்கு மாத்திரம் தன் வீட்டில் பதிவு விவாகம் நடத்த விரும்பும் தகப்பனாருக்கு இந்தச் சட்டத்தில் வழியே இல்லை. ஊருக்குப் பொதுவாக்கினால்தான் வீடு தன் பெண்ணுக்கும் உதவும்.

இன்னும் உண்டு. விவாகம் நடக்கும் வேளையில் அந்த இடத்துக்குள் யாரும் கட்டணமின்றி வந்து பார்க்கலாம். கதவு திறந்திருக்க வேண்டுமென்ற பழைய விதியின் மிச்சம் அது. ஒரு மணி நேரம் முன்னதாகவே பொறுப்பாளர் ஒருவர் வந்து காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும், விவாகம் முடியும் வரையிலும், அந்த அறையில் ஒருவரும் ஒரு வாய் மது குடிக்கக் கூடாது. பிஸ்கோத்துக் கடிக்கக் கூடாது. ஃப்ளீட் சிறைச் சாராயக் கடைகளின் ஆவி இன்னும் சட்டப் புத்தகத்தை விட்டுப் போகவில்லை போலும். படகில் கலியாணம் கூடாது; ஆனால் அசையாதபடி நிரந்தரமாகக் கட்டிப் போட்ட படகில் கூடும். கூடாரம் உதவாது, தோட்டத்தில் நிலையான கூரையுள்ள மண்டபம் உதவும். இதனால் எத்தனையோ கனவான்கள் புல்வெளியில் சின்ன மண்டபம் கட்டினார்கள். மணமக்கள் கூரைக்குக் கீழேயும் உறவினர்கள் மழையிலும் நின்றார்கள். தொற்று நோய்க் காலத்தில், 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து, அங்கீகாரம் பெற்ற கட்டிடத்தின் திறந்த வெளியிலும் நடத்தலாம் என்று இறங்கி வந்தார்கள். மறு வருஷம் அதை நிரந்தரமாக்கினார்கள். புது மண்டபத்துக்குச் செலவு செய்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

அதே வருஷத்தில் இன்னொரு மாறுதலும் நடந்தது. 1837 முதல் இங்கிலீஷ் விவாகப் பதிவில் மணமக்களின் தகப்பனார் பெயருக்குத்தான் இடம் இருந்தது. 2021 மே 4-ந் தேதியிலிருந்து தாயார் பெயருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 184 வருஷங்கள்! அதற்குள் அந்த நாட்டில் மூன்று தாய்மார்கள் சிங்காதனத்தில் அமர்ந்திருந்தார்கள் என்று எழுத வந்து, எண்ணிப் பார்த்தோம். இரண்டு பேர்தான்; விக்டோரியாவும் எலிஸபெத்தும். இருவர் போதாதா?

* * *

எல்லா விதிகளிலும் கடுமையானது மதத்தைப் பற்றியது. அங்கீகாரம் பெற்ற இடத்தில் நடக்கும் பதிவு விவாகத்தில் மத சம்பந்தமான எதுவும் தலை காட்டக் கூடாது. வேத வாசகம் கூடாது, பிரார்த்தனை கூடாது, கீர்த்தனை கூடாது. ஒரு காலத்தில், தேவதூதர் என்ற சொல் வருகிற காதற் பாட்டைக் கூடப் பாடலாமா என்று பதிவாளர்கள் தயங்கியதுண்டு. 2005-ம் வருஷத்து விதிகளுக்குப் பிறகு, மதமல்லாத விஷயத்தின் நடுவில் கடவுளின் பெயர் தற்செயலாக வந்தால் பாதகமில்லை என்றார்கள். பிரபுக்களின் வீடுகள் பலவற்றில் குடும்பத் தேவாலயம் இருக்கும். பெரும்பாலும் வீட்டிலேயே அதுதான் அழகான அறை. பிரார்த்தனை நடந்து வரும் அந்த அறைக்கு இந்த அங்கீகாரம் கிடைக்காது. அங்கே பாதிரியாரைக் கொண்டு மத விவாகம் நடத்தவோ, பெரும்பாலும் கான்டர்பரி ஆர்ச் பிஷப்பின் விசேஷ லைசென்ஸ் வேண்டும். எட்டாவது ஹென்றி அரசன் காலத்தில், 1533-ம் வருஷத்துச் சட்டத்தால் ஆர்ச் பிஷப்புக்கு வந்த அதிகாரம் அது.

இங்கே செஸின்கோட் என்ற வீட்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குளோஸ்டர்ஷயர் ஜில்லாவில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துச் செல்வம் சேர்த்த சார்லஸ் காக்கரெல் என்பவருக்காக, அவருடைய சகோதரரான சிற்பி ஸாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் 1805-ம் வருஷத்தையொட்டிக் கட்டியது. இங்கிலாந்துப் பசும்புல் நடுவில் மொகலாயர் பாணியில் தாமிரக் கும்மட்டம். தோட்டத்து யோசனைகளுக்கு உதவியவர் தாமஸ் டேனியல் என்னும் சித்திரக்காரர். இவர் தம் சகோதரர் மகனோடு 1792-ல் நம் தமிழ்நாட்டில் சுற்றித் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர்க் காட்சிகளைத் தீட்டியவர். தோட்டத்தில் ஸூரியனுக்கு ஒரு சிறு கோயில். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நந்திகள் படுத்திருக்கின்றன. இன்றும் குடும்ப வீடாக இருக்கும் அவ்விடத்தில் கலியாணங்களும் நடக்கின்றன. ஸூரிய பகவானும் நந்தியும் வேடிக்கை பார்க்கலாம். பதிவாளர் முன்னிலையில் அவர்கள் பெயரை மட்டும் சொல்லக் கூடாது!

இது வேடிக்கையோடு போவதில்லை. லண்டனிலும் மற்ற ஊர்களிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அவர்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபம் அங்கீகாரம் பெற்றதாயிருந்தாலும், அங்கே அக்கினி வளர்த்து அம்மி மிதித்து அருந்ததி பார்த்து மூன்று முடிச்சுப் போட்டால், அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் ஒன்றும் நடக்கவில்லை. விவாகத்திற்கென்று பதிவான கோயிலாக இருந்து, முன்னறிவிப்புக் கொடுத்து, அதிகாரம் பெற்றவர் முன்னிலையில் நடந்தால்தான் தாலி கட்டும் முகூர்த்தமும் சட்டத்தின் முகூர்த்தமும் ஒன்றாகும். இல்லாவிட்டால் தனியாகப் பதிவாளரிடம் போய் வர வேண்டும். பெரும்பாலோர் இரண்டையும் செய்கிறார்கள். செய்யாமல் விட்டவர்களின் கதி என்ன?

1998-ல் லண்டனில் ஓர் உணவு விடுதியில் ஒரு முஸ்லிம் தம்பதிக்கு நிக்காஹ் நடந்தது. இமாம் இருந்தார், உறவினர் இருந்தார்கள். பிறகு பதிவு செய்து கொள்ளலாம் என்ற பேச்சும் இருந்தது. பதிவு நடக்கவேயில்லை. நான்கு குழந்தைகள் பிறந்தன. வருஷங்கள் பல சென்று, மனஸ்தாபம் வந்து, மனைவி விவாகரத்துக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். கணவர் தரப்பில், விவாகமே நடக்காதபோது ரத்து ஏது என்றார்கள். 2018-ல் ஹைகோர்ட்டு நீதிபதி, இது சட்டப்படி குறையுள்ள விவாகம், செல்லாதென்று அறிவித்துப் பரிகாரம் தரத்தக்கது என்றார். அவ்வளவாவது சொன்னால் ஜீவனத்துக்கும் சொத்துக்கும் மனைவி உரிமை கேட்கலாம். 2020 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டு அதையும் மாற்றிற்று. பதிவான கட்டிடமில்லை, முன்னறிவிப்பில்லை, பதிவாளர் இல்லை. ஆகவே குறையுள்ள விவாகம் என்று கூட இதைச் சொல்ல முடியாது, இது விவாகமே அல்லாத ஒரு சடங்கு என்று தீர்ப்பாயிற்று.

அந்த நாட்டுச் சட்டக் கமிஷன் 2022 ஜூலையில் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. கட்டிடத்தைப் பார்ப்பதை விட்டு, விவாகம் நடத்தி வைக்கும் மனிதரைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாராம்சம். பொறுப்புள்ள ஒருவர் அதிகாரம் பெற்றிருந்தால், வீட்டிலோ கடற்கரையிலோ தோட்டத்திலோ, மணமக்கள் விரும்பிய சடங்குடன் நடத்தலாம் என்றது. ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய இந்த முறைதான் நடந்து வருகிறது. இது நல்ல யோசனை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் நம் கனவானை நினைத்தால் சிறிது கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாசல் வைத்து, வௌவாலுக்கு வழி விட்டு, நீலக் காகிதம் ஒட்டி, அண்டை வீட்டாரைச் சமாதானம் செய்து வாங்கிய அங்கீகாரம். எந்த வயல் வெளியிலும் கலியாணம் செய்யலாம் என்றாகி விட்டால் அதைச் சட்டம் போட்டு மாட்டிக் கொள்ள வேண்டியதுதான்.

அது வரையில் சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் கலியாணம் உண்டு. நம்மவர் குடும்பம் ஒன்று வாடகைக்கு எடுத்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கூடத்தில் பதிவாளர்கள் இருவர் உட்கார்ந்து, மணமக்கள் சொல்ல வேண்டிய வாக்கியங்களைச் சொல்ல வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். சுவாமி படம் ஒன்றும் அங்கே இல்லை. அடுத்த அறையில் சாஸ்திரிகள் ஸமித்தையும் நெய்யையும் எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்து வைத்திருக்கிறார். கிழவி ஒருத்தி கூடத்து வாசலில் நின்று, “இன்னும் ஆகவில்லையா? நல்ல நேரம் போகிறதே!” என்று பேரனைக் கேட்கிறாள். “அவர்கள் வண்டி ஏறட்டும், பாட்டி” என்கிறான் பேரன்.